குளியலறைக்கு வந்தது குட்டியா, தாயா? பாம்புகள் பிறக்கும் விதம்

கேள்வி இதுதான்: "பெரும்பாக்கத்தில் தரைத்தளத்து வீடு. நேற்று ராத்திரி குளியலறைத் தண்ணீர் போகிற ஓட்டை வழியாக அரைச்சாண் நீளத்தில், கறுப்பாக, புழு மாதிரி ஒரு பாம்புக்குட்டி வந்தது. குட்டி வந்தால் தாய் பக்கத்தில்தான் இருக்கும் என்கிறார் மாமியார். எதிரே காலி மனையில் சாரையும் நல்ல பாம்பும் பிணைந்து ஆடியதைப் பார்த்ததாக வாட்ச்மேன் சொல்கிறார். அவை போட்ட குட்டியா இது? பாம்பு முட்டை போடுமா, குட்டி போடுமா? இன்னும் எத்தனை வரும்?"

முதலில் குளியலறை விஷயத்தை முடித்துவிடுவோம். நீங்கள் சொல்லும் அடையாளம் சரியென்றால், வந்தது குட்டியே இல்லை. வளர்ந்த பாம்பு. செவிப்பாம்பு என்றும் புழுப்பாம்பு என்றும் சொல்வார்கள். அதன் முழு வளர்ச்சியே பத்துப் பதினைந்து சென்டிமீட்டர்தான். மண்ணுக்குள் எறும்பு முட்டையையும் கரையானையும் தின்று வாழும். மழையில் மண் ஊறினாலோ, தொட்டிச் செடிக்குத் தண்ணீர் அதிகமானாலோ வெளியே கிளம்பி, குளியலறை மூலை, மிதியடிக்குக் கீழே என்று சுற்றும். தலை எது வால் எது என்று சட்டென்று தெரியாது. மண்புழுவுக்கு இருக்கும் வளையக் கோடுகள் இதற்குக் கிடையாது. உடம்பு பளபளவென்று இருக்கும். டார்ச் அடித்துக் குனிந்து பார்த்தால் துளியூண்டு நாக்கை நீட்டி நீட்டி இழுப்பது தெரியும். அது ஒன்றே போதும், பாம்பு என்று உறுதி செய்ய. விஷம் கிடையாது. காதுக்குள் புகுந்துவிடும் என்பதெல்லாம் கதை.

இன்னொன்று, அது நிச்சயமாகப் பெண். இந்த இனம் முழுக்கப் பெண்தான். மற்ற பாம்புகளுக்குக் குரோமோசோம் இரண்டு செட் என்றால் இதற்கு மூன்று செட். ஆண் துணையே இல்லாமல் தானாகக் கருத்தரித்து, ஒரு சென்டிமீட்டர் சொச்சம் நீளமுள்ள சில முட்டைகளை மண்ணுக்குள் இடும். பொரிந்து வருவதும் பெண்கள்தான், தாயின் அச்சு நகல்கள். ஒரே ஒரு பாம்பு பூந்தொட்டி மண்ணோடு கப்பலேறினால் போதும், போய்ச் சேர்ந்த ஊரில் ஒரு குலமே உருவாகிவிடும். அப்படித்தான் ஆசியாவைச் சேர்ந்த இந்தப் பாம்பு ஆப்பிரிக்கா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா என்று எல்லாப் பக்கமும் பரவியது. இவ்வளவு தேசங்களில் வாழும் தரைப்பாம்பு வேறு எதுவும் இல்லை. எனவே தாய் எங்கே என்று தேட வேண்டாம். வந்ததே தாயாக இருக்கலாம். ஒரு காகிதத்தில் ஏற்றித் தோட்டத்து மண்ணில் விட்டுவிடுங்கள், ஓட்டைக்குச் சல்லடை மூடி போடுங்கள். அவ்வளவுதான்.

சரி, வாட்ச்மேன் பார்த்ததற்கு வருவோம். அவர் பொய் சொல்லவில்லை. அவர் பார்த்தது பெரும்பாலும் இரண்டு சாரை, அதிலும் இரண்டும் ஆண். இனச்சேர்க்கைக் காலத்தில் ஒரு பெண்ணுக்காகவோ, ஒரு இடத்துக்காகவோ இரண்டு ஆண் சாரைகள் மோதிக்கொள்ளும். கடிக்காது. உடம்பை ஒன்றோடொன்று முறுக்கி, முன்பாதியைத் தரையிலிருந்து தூக்கி, எது எதைக் கீழே அமுக்குகிறது என்று பார்க்கும். தூக்குவதும் விழுவதும் மறுபடி தூக்குவதுமாக வெகுநேரம் நடக்கும். பட்டப்பகலில், வெட்டவெளியில், பத்துப் பேர் கூடி நின்றாலும் கண்டுகொள்ளாது. கடைசியில் தோற்றது நழுவி ஓடும், ஜெயித்தது கொஞ்ச தூரம் விரட்டும். நம் ஊரில் இதன்மேல் புது வேட்டியை வீசி எடுத்துப் பூஜை அறையில் வைத்தால் செல்வம் சேரும் என்பார்கள். இரண்டு ஆண்கள் மல்லுக்கட்டுவதற்கு அந்த வேட்டி!

உண்மையான சேர்க்கை பார்ப்பதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமாக இருக்காது. பெண் தரையோடு கிடக்கும், அல்லது மெல்ல ஊர்ந்துகொண்டிருக்கும். ஆண் அதன் முதுகின்மேல் ஊர்ந்து, மோவாயை அதன்மேல் தேய்த்துக்கொண்டே போகும். பிணைந்திருப்பது வால் பகுதி மட்டும்தான். தலை இரண்டும் உயரத் தூக்கி நின்றால் அது சண்டை என்று எடுத்துக்கொள்ளலாம்.

சாரையும் நல்ல பாம்பும் சேரும் என்பது தமிழ்நாடு முழுக்க இருக்கும் நம்பிக்கை. சாரைதான் ஆண், நல்ல பாம்புதான் பெண் என்றே உறுதியாகச் சொல்வார்கள். அப்படி இல்லை. சாரையில் ஆணும் உண்டு பெண்ணும் உண்டு, நல்ல பாம்பிலும் அப்படியே. இரண்டும் வேறு வேறு குடும்பம். பிள்ளை பெறுவது இருக்கட்டும், சாரையைப் பிடித்து விழுங்கிய நல்ல பாம்புகளும் உண்டு.

ஆண் எப்படிப் பெண்ணைக் கண்டுபிடிக்கிறது? வாசனையால்தான். பெண் பாம்பு சட்டை உரித்த கையோடு அதன் தோலிலிருந்து ஒரு வாசனைப் பொருள் வெளிப்படும். அது போகும் வழியெல்லாம் தரையில் ஒட்டும். ஆண் நாக்கை நீட்டி அந்தத் துகளைத் தொட்டு, மேலண்ணத்தில் உள்ள யாக்கப்சன் உறுப்பில் ஒற்றிப் பார்க்கும். நாக்கு இரண்டாகப் பிளந்திருப்பது இங்கேதான் உதவுகிறது. வாசனை இடப்பக்கம் கூடுதலா வலப்பக்கம் கூடுதலா என்று அதை வைத்தே வழி பிடித்துக்கொண்டு போகும்.

ஆண் பாம்புக்கு உறுப்பு இரண்டு. வால் தொடங்கும் இடத்தில், உள்ளே மடிந்து இருக்கும். சேர்க்கைக்கு ஒரு நேரத்தில் ஒன்றுதான் பயன்படும். அது உள்ளே போனதும் விரிந்து பிடித்துக்கொள்வதால் மணிக்கணக்கில் இரண்டும் பிரியாமல் கிடப்பது உண்டு. அடித்துக் கொன்ற ஆண் பாம்பை எரிக்கும்போது இந்த இரண்டும் வெளியே பிதுங்கி வரும். அதைப் பார்த்துவிட்டுப் பாம்புக்குக் கால் உண்டு என்று சொன்னவர்களும் உண்டு. உண்மையான கால் மிச்சம் வேறு இடத்தில் இருக்கிறது. மலைப்பாம்பின் கழிவுத்துளைக்கு இரு பக்கமும் நகம் போல ஒரு சின்ன முள் துருத்திக்கொண்டிருக்கும். அதன் மூதாதைகளின் பின்னங்கால் தேய்ந்து தேய்ந்து கடைசியில் நின்ற இடம் அது. ஆணுக்குக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். சேர்க்கைக்கு முன் அதைக் கொண்டு பெண்ணின் உடம்பை வருடிக்கொண்டே இருக்கும். பாம்பின் கால் பாம்பறியும் என்ற பழமொழி மலைப்பாம்பு விஷயத்தில் அப்பட்டமான உண்மை.

சேர்ந்த உடனே கரு உருவாகிவிட வேண்டும் என்ற கட்டாயம் பெண்ணுக்கு இல்லை. விந்தணுவைக் கருக்குழாயில் மாதக்கணக்கில், சிலவற்றில் வருடக்கணக்கில் சேமித்து வைத்திருக்கும். இரையும் வெயிலும் சரியாக அமையும்போது பயன்படுத்திக்கொள்ளும். லண்டன் உயிரியல் பூங்காவில் 1885 ஆகஸ்ட் முதல் தனியாக அடைத்து வைத்திருந்த ஒரு பச்சைப் பாம்பு, 1888 ஆகஸ்டில் குட்டி போட்டது. கொடிகளில் தொங்கும், நாம் கண்கொத்திப் பாம்பு என்று பயப்படும் அதே பாம்புதான். அமெரிக்காவில் ஒரு கிலுகிலுப்பை விரியன் ஐந்து வருடத்துக்கு மேல் ஆணையே பார்க்காமல் இருந்து குட்டி போட்டிருக்கிறது. இன்னும் ஒரு படி மேலே, அமெரிக்காவின் லூயிவில் உயிரியல் பூங்காவில் ஆண் வாடையே படாமல் வளர்ந்த ஒரு ராட்சத மலைப்பாம்பு 2012இல் 61 முட்டை இட்டு, அதில் ஆறு பெண்கள் நலமாகப் பொரிந்து வந்தன. மரபணுவைச் சோதித்தபோது தகப்பன் என்று யாருமே இல்லை. செவிப்பாம்பு வழக்கமாகச் செய்வதை மற்ற பாம்புகளும் எப்போதாவது ஒரு தடவை செய்துவிடுகின்றன.

இனி உங்கள் முக்கியமான கேள்வி. முட்டையா, குட்டியா? இரண்டும்தான். உலகத்துப் பாம்புகளில் ஐந்தில் ஒரு பங்கு குட்டி போடும், மற்றவை முட்டையிடும். சென்னையைச் சுற்றி நீங்கள் பார்க்கக்கூடியவற்றில் நல்ல பாம்பு, கட்டுவிரியன், சாரை, தண்ணீர்ப் பாம்பு, கொம்பேறி மூக்கன் இவையெல்லாம் முட்டையிடுபவை. கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், மண்ணுளிப் பாம்பு, பச்சைப் பாம்பு இவை குட்டி போடுபவை. கட்டுவிரியனுக்குப் பெயரில் விரியன் இருந்தாலும் அது நல்ல பாம்பின் உறவு. விரியன் குடும்பத்தோடு அதற்குச் சம்பந்தம் இல்லை.

இரண்டு வழிக்கும் நடுவில் நிற்கும் பிரச்சினை ஒன்றே ஒன்று, சூடு. பாம்புக்குத் தன் உடம்பில் சூடு உண்டாக்கிக்கொள்ளும் வசதி கிடையாது, வெளியிலிருந்து வாங்க வேண்டும். ஆனால் கரு வளர ஏறக்குறைய ஒரே அளவான சூடு வாரக்கணக்கில் வேண்டும். அந்தச் சூட்டுக்கு யார் பொறுப்பு? மண்ணிடம் ஒப்படைத்தால் முட்டை. தானே சுமந்துகொண்டு வெயிலுக்கும் நிழலுக்கும் அலைந்தால் குட்டி. தாய்ப்பாம்பின் பாசம், கவலை என்று நாம் எதையாவது தேடினால் அது இந்த ஒரு ஏற்பாட்டில்தான் இருக்கிறது. பிறந்த பிறகு ஒன்றும் இல்லை.

முட்டையிடும் பாம்பு இடம் தேடுவதில் காட்டும் கவனம் அப்படி. ரொம்பக் காய்ந்த இடம் என்றால் முட்டை சுருங்கிவிடும், ஈரம் தேங்கினால் பூசணம் பிடிக்கும். வெயில் நேராகப் பட்டால் வெந்துபோகும். இது எல்லாவற்றுக்கும் தோதான இடம் எது என்று பார்த்தால் எலி வளை, மரப்பொந்து, மட்கும் சருகுக் குவியல், கட்டடம் முடிந்து மாதக்கணக்கில் அள்ளாமல் கிடக்கும் செங்கல் குவியல், அப்புறம் கரையான் புற்று. கரையான் தன் புற்றின் உட்புறத்தை எப்போதும் ஈரப்பதமாகவும் பெரிய ஏற்றத்தாழ்வு இல்லாத சூட்டிலும் வைத்திருக்கும். வெளியே மே மாத வெயில் கொளுத்தினாலும் உள்ளே அவ்வளவு மாறாது. கரையான் புற்றெடுக்கக் கருநாகம் குடிபுகுந்தது என்று பெரியவர்கள் குறைப்பட்டுச் சொன்னார்கள், நாகத்தின் பக்கமிருந்து பார்த்தால் அதைவிட நல்ல பிரசவ வார்டு கிடைக்காது. ஆடி மாதம் அதே புற்றில் பாலும் முட்டையும் ஊற்றுகிறோம். பாம்பு பால் குடிக்காது. உள்ளே முட்டை இருந்தால் அதற்கும் இந்த ஈரத்தால் நன்மை ஒன்றும் இல்லை. பக்தியைக் குறை சொல்லவில்லை, வெளியே ஒரு கிண்ணத்தில் வைத்துக் கும்பிடலாம் என்றுதான் சொல்கிறேன்.

நல்ல பாம்பு நம் பக்கத்தில் பெரும்பாலும் ஏப்ரலுக்கும் ஜூலைக்கும் நடுவில் முட்டையிடும். பன்னிரண்டிலிருந்து இருபது வரை சாதாரணம், முப்பதும் உண்டு. கட்டுவிரியன் ஆறிலிருந்து பதினைந்து. தண்ணீர்ப் பாம்புதான் கணக்கில்லாமல் இடும். சில ஐந்தாறோடு நிறுத்தும், சில நூறை நெருங்கும். வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர்ப் பக்கம் மழைக்காலத்தில் வாசலுக்கு வரும் குட்டிப் பாம்புகளில் பெரும்பகுதி இதுதான். கையில் எடுத்தால் கடிக்கும், விஷம் இல்லை.

பாம்பு முட்டையைக் கோழி முட்டை மாதிரி நினைத்துக்கொள்ள வேண்டாம். வெள்ளையாக, நீளவாக்கில், தொட்டால் அமுங்கும் தோல் போன்ற ஓடு. இட்டபோது ஈரமாக இருப்பதால் ஒன்றோடொன்று ஒட்டி, காய்ந்ததும் பிரிக்க முடியாத ஒரே கொத்தாகிவிடும். உள்ளே கரு வளர வளர முட்டை சுற்றியுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு பெருக்கும். கொத்தில் மஞ்சளடித்துச் சுருங்கிக் கிடப்பது கூமுட்டை. கோழி தன் முட்டையைப் புரட்டிப் புரட்டி வைக்கும். பாம்பு முட்டையை அப்படிச் செய்யக் கூடாது. கரு ஓட்டின் உள்பக்கத்தில் ஒரு இடத்தில் ஒட்டிக்கொண்டு வளர்வதால், தலைகீழாகத் திருப்பினால் மஞ்சள் கருவின் கனமே அதன்மேல் அழுந்திக் கொன்றுவிடலாம். நல்லெண்ணத்தோடு முட்டையை எடுத்து வேறு இடத்தில் வைப்பவர்கள் பெரும்பாலும் செய்வது இதைத்தான்.

சென்னைக்காரர்களுக்கு இங்கே இன்னொரு சந்தேகம் வரும். பெசன்ட் நகர், நீலாங்கரை கடற்கரையில் பங்குனி ஆமை முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் புதைத்துப் பாதுகாக்கிறார்களே, அங்கே மணல் சூடானால் பெண் குஞ்சு, குளிர்ந்தால் ஆண் குஞ்சு என்கிறார்களே, பாம்புக்கும் அப்படியா? இல்லை. ஆமைக்கும் முதலைக்கும் சூடு பாலினத்தைத் தீர்மானிக்கும். பாம்புக்குக் குரோமோசோம்தான். நல்ல பாம்பு, விரியன் வகைகளில் அதைத் தீர்மானிப்பது தாயின் பங்கு, நமக்கு நேர் எதிர். சூடு குறைந்தால் பொரிய நாள் அதிகமாகும், கூடினால் குறையும், அளவு மீறினால் ஊனமாகப் பிறக்கும் அல்லது செத்துப்போகும்.

நல்ல பாம்பு முட்டை பொரிய ஐம்பதிலிருந்து எழுபது நாள் வரை ஆகும். பொரிவது பார்க்க வேண்டிய காட்சி. முதலில் ஓட்டில் பிளேடால் கீறிய மாதிரி ஒரு கோடு விழும். குட்டியின் மேல் உதட்டு நுனியில் ஒரு குட்டிப்பல் இருக்கிறது, இந்த ஒரு வேலைக்காகவே முளைத்தது. சில நாளில் விழுந்துவிடும். கீறல் வழியாகக் கொழகொழவென்று திரவம் கசியும். மூக்கு நுனி வெளியே வரும், ஒரு குமிழி உடையும், முதல் மூச்சு. நாக்கு வெளியே வந்து காற்றைத் தொட்டுப் பார்க்கும். நீங்கள் அசைந்தால் சட்டென்று தலை உள்ளே போய்விடும். இப்படி எட்டிப் பார்ப்பதும் ஒளிவதுமாக ஒரு நாள்கூட ஓடும். அந்த அவகாசம் வீணில்லை, மிச்சமுள்ள மஞ்சள் கருவை வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டிருக்கும். அடுத்த சில நாளுக்கு அதுதான் சாப்பாடு. முழுசாக வெளியே வந்த நல்ல பாம்புக் குட்டி ஒரு சாண் நீளத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். தொட்டால் படம் எடுக்கும், சீறும், கடிக்கும். விஷமும் தயார். வாரம் பத்து நாளில் முதல் சட்டையை உரித்துவிட்டு, சின்னத் தவளை, பல்லி என்று வேட்டைக்குக் கிளம்பும்.

முட்டையிட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போவதுதான் பெரும்பாலான பாம்புகளின் வழக்கம். சில மட்டும் தங்கும். கட்டுவிரியன் தாய் முட்டையோடு சுருண்டு கிடக்கும். நல்ல பாம்பும் முட்டைக்குப் பக்கத்தில் காவல் இருந்ததாகப் பதிவுகள் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையின் ராஜ நாகம் ஒரு படி மேலே. கை கால் இல்லாமல், உடம்பு மடிப்பாலேயே சருகை இழுத்துக் குவித்து மேடு கட்டி அதற்குள் முட்டையிட்டு, மேலே படுத்துக் காவல் காக்கும். கூடு கட்டும் பாம்பு உலகத்தில் அது ஒன்றுதான். சருகு மட்கும்போது வரும் சூடும், மழைத் தண்ணீர் இறங்காத கூரையும் அந்த மேட்டில் கிடைக்கிறது. பொரியப் போகும் தறுவாயில் தாய் பெரும்பாலும் இடத்தைக் காலி செய்துவிடும்.

ஆனால் அடைகாத்தல் என்ற வேலையை உண்மையாகச் செய்வது மலைப்பாம்பு. முட்டைக் குவியலைச் சுற்றி உடம்பைச் சுருட்டி, மேலே தலையை வைத்துக்கொண்டு ஏறக்குறைய இரண்டு மாதம் இரை எடுக்காமல் கிடக்கும். சுற்றுப்புறம் குளிர்ந்தால் தசைகளை விட்டு விட்டுத் துடிக்க வைக்கும். பார்ப்பவருக்கு விக்கல் மாதிரித் தெரியும். அந்தத் துடிப்பிலிருந்து சூடு பிறக்கிறது. தன் உடம்பில் சூடு உண்டாக்க முடியாத இனத்தில் இவள் மட்டும் விதிவிலக்கு. பாரிஸில் வலென்சியேன் என்ற விலங்கியலாளர் 1841இல், அடைகாக்கும் மலைப்பாம்பைத் தெர்மாமீட்டர் வைத்து அளந்து இதை எழுதினார். 1966இல் நியூயார்க்கில் மறுபடி கவனமாகச் சோதித்து உறுதி செய்தார்கள். காற்றைவிட ஏழு டிகிரி வரை கூட்ட முடிகிறது. கிண்டி பாம்புப் பண்ணைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகும்போது மலைப்பாம்புக் கூண்டில் இதைச் சொல்லுங்கள். சும்மா கிடக்கிறது என்று அலுத்துக்கொண்டு அடுத்த கூண்டுக்கு ஓடுவதைக் கொஞ்சம் நிறுத்துவார்கள்.

குட்டி போடும் கூட்டத்துக்கு வருவோம். இங்கே முட்டை உண்டு, ஓடு மட்டும் இல்லை. மெல்லிய சவ்வுப் பைக்குள் மஞ்சள் கருவோடு குட்டி தாயின் வயிற்றுக்குள்ளேயே வளரும். தாயின் ரத்தத்திலிருந்து தண்ணீரும் பிராணவாயுவும் போகும். கண்ணாடி விரியன் ஆறு மாதத்துக்கு மேல் சுமக்கும். ஆரம்பத்தில் வயிறு தெரியாது, பிறகு நடு உடம்பு பருத்து, வேகம் குறைந்து, வெயில் படும் இடமாகத் தேடிப் படுத்துக் கிடக்கும். சினைப் பாம்பு வயல் வரப்பிலும் சருகிலும் அசையாமல் கிடப்பது மிதிபடுவதற்கும் கடி வாங்குவதற்கும் ஒரு காரணம். மே முதல் ஜூலை வரை பிரசவம் அதிகம். இருபதிலிருந்து நாற்பது குட்டி வரை சாதாரணமாகப் போடும், அறுபதைத் தாண்டியதும் உண்டு.

பிரசவம் சத்தமில்லாமல் நடக்கும். வாலைக் கொஞ்சம் தூக்கும், உடம்பில் ஒரு அலை ஓடும், கழிவுத்துளை வழியாகப் பளபளவென்று ஒரு சவ்வுப் பொட்டலம் விழும். உள்ளே வட்டமாகச் சுருண்ட குட்டி, முதுகில் அம்மாவின் அதே சங்கிலிப் புள்ளிகள். மூக்கால் முட்டிச் சவ்வைக் கிழிக்கும், வாயை அகலத் திறந்து ஒரு கொட்டாவி, உடம்பை ஒரு நெளி. அடுத்த நிமிடம் தொட்டால் அதே விரியன் சீற்றம், அதே கடி. விரியன் குட்டி போட்டால் வயிறு வெடித்துத் தாய் செத்துப்போகும் என்று ஊர்ப்பக்கம் ஒரு பேச்சு உண்டு. செத்துப்போனால் அடுத்தடுத்த வருடம் குட்டி போட அதே பாம்பு எப்படி வரும்? பிரசவத்துக்குப் பிறகு தோல் தளர்ந்து மெலிந்து கிடக்கும், அவ்வளவுதான். எலி கிடைத்தால் தேறிவிடும்.

ஏன் சில பாம்புகள் இந்தச் சுமையைத் தலையில் போட்டுக்கொண்டன? குளிர் தேசங்களில் மண்ணில் போட்ட முட்டைக்குப் போதிய சூடு கிடைக்காது. வயிற்றில் வைத்துக்கொண்டு வெயில் காய்ந்தால் கிடைக்கும். ஐரோப்பாவில் துருவ வட்டத்துக்கு மேலேகூட வாழும் ஒரு விரியன் குட்டிதான் போடுகிறது. அப்படியானால் கொளுத்தும் செங்கல்பட்டு வெயிலில் கண்ணாடி விரியனுக்கு என்ன கட்டாயம்? முன்னோர் வழியில் வந்த பழக்கம், இங்கேயும் கெடுதல் செய்யவில்லை, ஒட்டிக்கொண்டது. வயிற்றில் இருக்கும் முட்டையைக் கீரிப்பிள்ளை தோண்டியெடுக்க முடியாது என்பதும் ஒரு லாபம். எதிர்ப்பக்கம் நஷ்டமும் உண்டு. தாய் அடிபட்டால் நாற்பதும் போச்சு.

கடல் பாம்புக்கு இது பழக்கம் இல்லை, தேவை. காசிமேட்டு வலைகளில் சிக்கி வரும் கடல் பாம்புகள் கரைக்கே வராமல் தண்ணீரிலேயே குட்டி போடுபவை. கரைக்கு வந்து முட்டையிடும் ஒரு கிளையும் கடலில் உண்டு. எண்ணூர், முட்டுக்காடு போன்ற கழிமுகச் சேற்றில் கிடக்கும் நாய்முகத் தண்ணீர்ப் பாம்பும் குட்டி போடுவதுதான். அலை ஏறி இறங்கும் சேற்றில் முட்டையை எங்கே வைப்பது?

மாமியார் சொன்னதற்கு இப்போது பதில் சொல்லலாம். தாய்ப்பாம்பு குட்டியைத் தேடிக்கொண்டு வராது, குட்டியை அடித்தவரைப் பழிவாங்கவும் வராது. பால் கொடுப்பது, ஊட்டுவது, கூட்டிக்கொண்டு திரிவது எதுவும் பாம்புக்கு இல்லை. அமெரிக்கக் கிலுகிலுப்பை விரியன் சிலவற்றில் மட்டும் குட்டிகள் முதல் சட்டை உரிக்கும்வரை தாய் கூடவே இருப்பதைப் பார்த்திருக்கிறார்கள். நம் ஊரில் குட்டி பிறந்த நாளே அநாதை. காக்கை, மைனா, செம்போத்து, கீரி, பூனை, பெரிய தவளை, பிற பாம்பு என்று எல்லாமே அதைத் தின்னும். அத்தனை முட்டையும் அத்தனை குட்டியும் இந்த இழப்பை ஈடுகட்டத்தான்.

ஆனால் அவர் சொன்னதில் ஒரு பாதி சரி. தாய் பக்கத்தில் இல்லாவிட்டாலும் கூடப் பிறந்தவை பக்கத்தில் இருக்கும். ஒரு கொத்து முழுக்க ஓரிரு நாளுக்குள் பொரியும். எனவே ஒரு நல்ல பாம்புக் குட்டியையோ கட்டுவிரியன் குட்டியையோ பார்த்தால், அடுத்த சில நாள் வாசற்படி, ஷூ, மோட்டார் ரூம், வாஷிங் மெஷின் பின்புறம் எல்லாவற்றையும் பார்த்துப் புழங்குங்கள். ராத்திரி டார்ச் இல்லாமல் நடக்க வேண்டாம், தரையில் பாய் விரித்துப் படுக்க வேண்டாம். கட்டுவிரியன் குட்டிக்கும் விஷமில்லாத ஓநாய்ப் பாம்புக்கும் உடம்பில் வெள்ளை வரி ஒரே மாதிரி இருக்கும். வித்தியாசம் கண்டுபிடிக்கக் குனிந்து பார்க்காதீர்கள், விஷம் என்றே வைத்துக்கொண்டு வனத்துறைக்கோ பாம்பு பிடிக்கத் தெரிந்தவருக்கோ சொல்லுங்கள்.

செங்கல் குவியலை அள்ளும்போது முட்டைக் கொத்து கிடைத்தாலும் அதே வழிதான். உடைக்க வேண்டாம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், பாதுகாக்கப்பட்ட ஊர்வனவற்றின் முட்டையைச் சேதப்படுத்துவதையும் வேட்டையாகவே கணக்கில் வைக்கிறது. கட்டாயம் நகர்த்த வேண்டுமென்றால் தெரிந்தவர்கள் முட்டையின் மேல்பக்கத்தில் பென்சிலால் குறி போட்டு, அந்தப் பக்கம் மேலேயே இருக்கும்படி தூக்குவார்கள். எதிர் மனைக்காரரைக் குப்பையும் கட்டட இடிபாடும் மார்ச்சுக்குள் அள்ளச் சொல்வது இதைவிட எளிது. இடம் இல்லாவிட்டால் பாம்பு வேறு இடம் பார்க்கும்.

கடைசியாக ஒன்று. குட்டிப் பாம்பின் விஷம் பெரிய பாம்பைவிட வீரியம் என்றும், குட்டிதானே என்ன செய்துவிடும் என்றும் இரண்டு விதமாகப் பேசுவார்கள். குட்டியிடம் விஷத்தின் அளவு குறைவுதான், ஆனாலும் ஆளைக் கொல்ல அது போதுமானதாக இருக்கலாம். கடித்தால் கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட இடத்தை அசைக்காமல், 108ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள். அங்கே தரும் மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் பொதுவானது. அதற்கான விஷத்தின் பெரும்பகுதி, மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்துதான் போகிறது. கடித்தது குட்டியா பெரியதா என்று பார்த்து மருந்தைக் குறைப்பதில்லை. கடிபட்டது குழந்தை என்றாலும் பெரியவருக்குக் கொடுக்கும் அதே அளவுதான்.